அவள் பெயரில் ஒரு கல்பூச்சி

பிப்ரவரி 11

அன்புத் தங்கைக்கு,

முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாப்பிள்ளை ரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? உங்கள் மலையில் டவர் கிடைப்பதே அபூர்வம். கிடைத்தாலும், நாம் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் யாராவது ஒருத்தி வைத்துவிடுகிறோம். அதனால் எழுதுகிறேன்.

போன வருடக் கடைசியில் உன் வீட்டுக்கு வந்தபோது, பாதி நாள் ஊருக்கு மேலே இருக்கிற ஊற்று ஓடையிலேயே கிடந்தேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அங்கே கல்லைப் புரட்டி எடுத்து வந்த பூச்சிகளை இப்போதுதான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

இவற்றைக் கல்பூச்சி என்போம். சில்லென்ற, சுத்தமான ஓடையில் கல்லுக்கடியில் வளரும். பனி உருகும்போது கரையேறி, தோலை உரித்து, இறக்கையோடு வெளியே வரும். பிறகு சில வாரம்தான் உயிர். நான் எடுத்து வந்தவை இறக்கை முளைக்காத இளசுகள். கழுத்தடியில் இவற்றுக்குச் செவுள் இருக்கிற அமைப்பு நான் இதுவரை எந்தப் புத்தகத்திலும் பார்க்காதது. புது இனம் என்று நினைக்கிறேன். ஆனால் இளசை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. வளர்ந்த ஆண் வேண்டும். ஆணின் வயிற்று நுனியில் ஒரு கொக்கி இருக்கும். இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும்.

என்னால் இந்த முட்டியோடு ஏற முடியாது. நீ பிடித்துத் தருவாயா? பனி விலகுகிற ஓரத்துக் கற்களில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஈரத் தூரிகையால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். தூரிகை, சின்னப் புட்டிகள், ஸ்பிரிட் எல்லாம் பார்சலில் வருகிறது. ஒவ்வொரு புட்டிக்குள்ளும் இடம், தேதி எழுதின சீட்டைப் போடு. பென்சிலில் எழுது, பேனா மை கரைந்துவிடும்.

அருங்காட்சியகத்தில் என் அறை அடித்தளத்தில்தான் என்று உனக்குத் தெரியும். திமிங்கல எலும்புக்கூட்டைப் பார்க்க வருகிற கூட்டமெல்லாம் என் தலைமேல்தான் நடக்கிறது. அடுத்த ஜனவரியோடு ஓய்வு. அதற்குள் இது ஒன்றை முடித்துவிட்டால் போதும்.

பதிலுக்குக் காத்திருக்கும்
அக்கா


ஏப்ரல் 6

அன்பு அக்காவுக்கு,

நானும் அவரும் இருக்கிறோம். மாத்திரை போடுகிறார், நான் எதிரில் நின்றால் போடுகிறார். உன் முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, இல்லை அதையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா?

பூச்சி பிடித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ஓடைக்குப் போய்விடுவேன். ஆரம்பத்தில் ஒன்றும் கண்ணில் படவில்லை. பிறகு பார்க்கப் பழகிவிட்டது. கறுப்பாக, நகத்தளவு, கல்லின் நிழலோடு நிழலாக. ஒன்று தன் வயிற்றால் கல்லைத் தட்டிக்கொண்டே இருந்தது. எதற்கு அப்படிச் செய்கிறது?

ரொட்டிக் கடைக்கார அம்மா விறகு பொறுக்க அந்தப் பக்கம் வந்தவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"என்ன டீச்சர், கல்லுக்கு வர்ணம் அடிக்கிறீங்களா?"

"பூச்சி பிடிக்கிறேன்."

"பூச்சியா? எதுக்கு?"

"அக்கா கேட்டாங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசை விட்றாதீங்க டீச்சர்" என்றார்.

சிட்டு போனதிலிருந்து இந்த ஊரில் நான் எதைச் செய்தாலும் அதற்கு அதுதான் காரணம். சிரித்தாலும் பாவம், பூச்சி பிடித்தாலும் பாவம். எட்டு வயதுப் பெண்ணைப் பறிகொடுத்தவள் தூரிகையும் கையுமாக ஓடையில் குந்தியிருந்தால் வேறு என்னதான் நினைப்பார்கள்? விடு.

புட்டிகளை அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே பார்சலில் அடைக்க முடியவில்லை. உனக்குப் போதுமா பார்.

தங்கை


ஏப்ரல் 20

என் அருமைத் தங்கைக்கு,

நீ தீர்க்காயுசாக இரு! ஆண் கிடைத்துவிட்டது. ஒன்றில்லை, பல. முட்டி வலி கூட மறந்துவிட்டது.

இது புது இனம்தான். உடம்பு கரும்பழுப்பு, காலில் மட்டும் தேன் நிறம். இறக்கை துவைத்துச் சுருங்கிய சட்டைக் கை மாதிரி பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் பறக்காது. கொக்கி மேல்நோக்கி வளைந்து, முனை இரண்டாகப் பிளந்து, ஒரு பிளவில் மட்டும் சின்னப் பல். அந்த ஒற்றைப் பல்லை வரைவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. அறை துடைக்க வருகிற அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இவ்ளோ நேரம் வீட்டுக்குப் போகாம இருக்கீங்க?" என்றார்.

கல்லைத் தட்டியதாக நீ எழுதியது ஆண். பெண்ணை அப்படித்தான் கூப்பிடும். பெண்ணுக்குப் பிடித்திருந்தால் திரும்பத் தட்டும்.

இதுவரை நான் விவரித்த இனங்களிலெல்லாம் என் பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோதான் வரும். பெரியவர்கள் முதலில். இது என்னுடையது மட்டும்.

ஒன்று கேட்க வேண்டும். பறக்காத பூச்சி என்பதால் இது அந்த ஒரே ஓடையில் மட்டும் இருக்கலாம். அப்படியானால் கட்டுரையின் கடைசியில், அந்த ஊற்றை யாரும் தொடக்கூடாது என்று எழுதுவேன். சுற்றுச்சூழல் அலுவலகத்தில் அதற்கு மதிப்பு உண்டு. போன முறை வந்தபோது ஊற்றுக்கண்ணைச் சுற்றிச் சிவப்பு வர்ணம் பூசின முளைகள் அடித்திருந்ததைப் பார்த்தேன். அது என்ன?

நீயும் மாப்பிள்ளையும் நன்றாகச் சாப்பிடுங்கள். குளிர் இன்னும் விட்டிருக்காது.

சந்தோஷத்தில் இருக்கும்
அக்கா


மே 1

அன்பு அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் சந்தோஷத்தைப் படித்து எனக்கும் சந்தோஷம்தான்.

அந்தச் சிவப்பு முளைகள் அவர் அடித்தவை. நீ வந்தபோதே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை, வீட்டில் உட்காரவும் இல்லை.

ஊற்றுக்கண்ணைச் சுற்றி கான்கிரீட் தொட்டி கட்டி, தண்ணீர் முழுவதையும் குழாயில் ஊருக்கு இறக்கப் போகிறார்கள். குடிநீர்ப் பிரிவு எஞ்சினியர் என்று அவர் இங்கே வந்ததிலிருந்து செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று அவரே சொல்வார். ஓடையில் அப்புறம் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். "மழைக்காலத்துல கொஞ்சம் வழியும்" என்றார்.

ஊரின் பழைய தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலேயே சாக்கடைக் குழாய் போகிறது. இரண்டும் விரிசல் விட்டு ஒன்றோடொன்று உறவாடுகின்றன. ஒவ்வொரு மழைக்கும் ஆஸ்பத்திரியில் தரையில்கூடப் படுக்க இடம் இருக்காது. வீட்டில் சிட்டுவுக்கு நாங்கள் காய்ச்சித்தான் கொடுத்தோம் அக்கா. அவள் பள்ளிக்கூடக் குழாயில் குடித்திருக்கிறாள். நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம். டாக்டர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "தண்ணிதாம்மா" என்றார். அந்த வாரம் நீ ஒரு மாநாட்டில் இருந்தாய். அதைப் பற்றி எழுத நான் இப்போது உட்காரவில்லை.

இந்த வேலைக்கு அனுமதி சுற்றுச்சூழல் அலுவலகத்தில் நிற்கிறது. அந்த ஊற்றில் அபூர்வமான உயிர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். உன் பூச்சியைப் பற்றி நான் அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

அது வேறு எங்கேயாவது இருந்தால் உனக்குப் போதுமா?

தங்கை


மே 9

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. பூச்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

இல்லாததை இருக்கிறது என்று என்னால் எழுத முடியாது. இருப்பதை மறைக்கவும் முடியாது. ஆனால் வேறு ஓடையிலும் இது இருந்தால், அதை எழுதுவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. அப்போது ஒரே ஓடை என்ற பேச்சே வராது. உங்கள் ஊற்றை மூடினாலும் இனம் பிழைக்கும். மாப்பிள்ளையின் குழாயும் வரும். யாருக்கும் நஷ்டமில்லை.

வரைபடத்தைப் பார்த்தேன். கணவாயைத் தாண்டி மறுபக்கச் சரிவில் ஒரு ஓடை இருக்கிறது. வெயில் குறைந்த பக்கம். பனி தாமதமாக விலகும். பூச்சி இப்போதுதான் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். உன்னால் ஒரு முறை போய்ப் பார்க்க முடியுமா? ஒன்று கிடைத்தாலும் போதும். உன் வார்த்தையும் ஒரு புட்டியும் இருந்தால் நான் எழுதிவிடுவேன்.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். மேலே போகும்போது கம்பளி போட்டுக்கொள்.

அக்கா


மே 30

அக்காவுக்கு,

உடம்பு பரவாயில்லை.

மறுபக்க ஓடையில் கிடைத்தது. புட்டிகள் இத்துடன் வருகின்றன. சீட்டு உள்ளே இருக்கிறது, பென்சிலில்தான். நல்ல ஏற்றம். எழுத வேறொன்றும் இல்லை.

தங்கை


செப்டம்பர் 14

என் அன்புத் தங்கைக்கு,

எப்படி இருக்கிறாய்? ஜூனில் ஒரு கடிதம், ஜூலையில் ஒரு கார்டு போட்டேன். எதற்கும் பதில் இல்லை. போன் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்கிறது. உடம்புக்கு ஏதாவதா? எனக்கு முட்டியில் ஊசி போட்டார்கள். இப்போது படி ஏறுகிறேன்.

மறுபக்கத்துப் பூச்சியும் அதே இனம்தான். கொக்கியில் அதே ஒற்றைப் பல். கொஞ்சம் வெளுத்திருந்தன. ஸ்பிரிட் வலுவில்லாமல் போயிருக்கும். சுற்றுச்சூழல் அலுவலகம் ஜூனிலேயே என்னைக் கேட்டது. இரண்டு ஓடைகளில் இருக்கிறது, ஊற்றை எடுப்பதால் இனத்துக்கு ஆபத்தில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு அனுமதி வந்திருக்குமே? என்னால் தடை இல்லை என்று அவரிடம் சொல்.

கட்டுரை அச்சாகிவிட்டது. பிரதி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தைப் பார். புது இனத்துக்குப் பெயர் வைக்கிற உரிமை விவரிக்கிறவருக்குத்தான். பெரிய மனிதர்கள் பெயரை வைப்பார்கள், மலையின் பெயரை வைப்பார்கள். நான் சிட்டுவின் பெயரை வைத்தேன். வீட்டுப் பெயரை இல்லை. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குக் கூப்பிடுகிற முழுப் பெயரை, லத்தீன் வால் ஒட்டி. முன்னாலேயே சொன்னால் வேண்டாம் என்பாய் என்று சொல்லவில்லை.

இனி அதை யாராலும் மாற்ற முடியாது. இந்தப் பூச்சியைப் பற்றி யார் எந்த நாட்டில் எழுதினாலும் அவள் பெயரைத்தான் எழுத வேண்டும். நான் அன்றைக்கு வரவில்லை. என்னால் முடிந்தது இது.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


அக்டோபர் 2

மரியாதைக்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். அவள் நலம் என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் குழாயைத் திறந்தோம். முதல் இணைப்பு பள்ளிக்கூடத்துக்குத்தான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஊரே வந்து நின்றது. ரொட்டிக் கடைக்கார அம்மா முகம் கழுவிக்கொண்டே அழுதார். இவள் மட்டும் வரவில்லை, தலைவலி என்றாள். இந்த மழைக்கு ஆஸ்பத்திரியில் வயிற்றுக் கோளாறு என்று ஒரு குழந்தைகூடச் சேரவில்லை. அதை வந்து சொன்னேன். "நல்லது" என்றாள்.

உங்கள் கட்டுரை வந்த அன்று வாசலில் நின்றபடியே உறையைக் கிழித்துப் படித்தாள். பிறகு செருப்புகூடப் போடாமல் மேலே ஊற்றுப் பக்கம் போய்விட்டாள். நான் போய்த்தான் கூட்டி வந்தேன். அங்கே இப்போது தொட்டிச் சுவரும் காய்ந்த கல்லும்தான். ஒவ்வொரு கல்லாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. மகள் பெயர் இருந்த பக்கத்தை நான் எடுத்துப் பத்திரமாக வைத்திருக்கிறேன் அண்ணி. நீங்கள் நல்ல மனதோடுதான் செய்தீர்கள்.

இன்னொரு விஷயம். கட்டுரையில் அவள் மே மாதக் கடைசியில் கணவாயைத் தாண்டிப் போய்ப் பிடித்ததாக இருக்கிறது. மே மாதத்தில் அந்தப் பாதையில் பனி இடுப்பளவு கிடக்கும். சங்கிலி போட்டுப் பூட்டுவது எங்கள் பிரிவுதான். இந்த வருடம் ஜூன் பாதியில்தான் திறந்தோம். தேதி ஏதோ தவறாக அச்சாகிவிட்டதா? அவளிடம் கேட்டேன்.

"ஊர்ல தண்ணி வருதா இல்லையா?" என்றாள்.

"வருது."

"அப்போ விடுங்க."

அச்சுப் பிழை என்றால் திருத்திவிடுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

பணிவுடன்
உங்கள் தங்கை கணவர்


அக்டோபர் 12

தங்கைக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வரவில்லை.

மாப்பிள்ளை எழுதியிருந்தார். அவரைத் திட்டாதே. அவர் கேட்டது தேதியைத்தான்.

உன் புட்டிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஏப்ரலில் வந்தது, மே கடைசியில் வந்தது. இரண்டும் ஒரே அளவு வெளுத்திருக்கின்றன. ஒரே நாளில் ஸ்பிரிட்டில் போட்டால்தான் அப்படி இருக்கும். நீ ஏப்ரலில் பிடித்ததில் பாதியை எடுத்து வைத்துக்கொண்டாய். பிறகு வேறு ஓடையின் பெயரைச் சீட்டில் எழுதி அனுப்பினாய். மறுபக்கத்துக்கு நீ போகவே இல்லை.

உன்னிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருப்பாய். இருக்கிறது. முப்பது வருடமாக நான் ஒரு பூச்சியின் இடத்தைக்கூடத் தப்பாக எழுதியதில்லை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அச்சில் ஒரு பொய் இல்லை என்று இருந்தேன். இப்போது என் கையெழுத்தைக் காட்டித்தான் அந்த ஊற்றை மூடியிருக்கிறார்கள். உலகத்தில் வேறு எங்கும் இல்லாத ஒரு உயிர். அதை விவரித்ததும் நான். அதை முடிக்கச் சம்மதம் கொடுத்ததும் நான்.

என்னிடம் கேட்டிருக்கலாமே. 'அக்கா, எழுதாதே' என்று ஒரு வார்த்தை. நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் கேட்டிருக்கலாம்.

நீ போனாயா இல்லையா? உன் கையால் எழுது.

அக்கா


நவம்பர் 18

அக்காவுக்கு,

போகவில்லை.

கேட்டிருக்கலாமே என்கிறாய். கேட்டேன். 'வேறு எங்கேயாவது இருந்தால் உனக்குப் போதுமா' என்று மே மாதம் எழுதினேன். போதும் என்றாய். 'ஒன்று கிடைத்தாலும் போதும், உன் வார்த்தையும் ஒரு புட்டியும் இருந்தால் எழுதிவிடுவேன்' என்றாய். கணவாய் எப்போது திறக்கும் என்று உனக்குத் தெரியாதா? பனி ஓரத்துப் பூச்சியைப் படித்தவள் நீ. மே மாதத்தில் அந்தச் சரிவில் பனி எவ்வளவு இருக்கும் என்று நான் சொல்லியா தெரிய வேண்டும்? பூச்சி வெளுத்திருந்ததையும் அப்போதே பார்த்திருக்கிறாய், நீதான் எழுதியிருந்தாய். பார்த்துவிட்டு ஸ்பிரிட் மேல் பழியைப் போட்டாய். உனக்குக் கட்டுரை வேண்டியிருந்தது, எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. நான் பொய் சொன்னேன். நீ அதை வாங்கி வைத்துக்கொண்டாய்.

இதையெல்லாம் உன்னைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை என்று எழுதப் பார்த்தேன். குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் சீட்டை மாற்றி எழுதியிருப்பேனா என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குழாயடியில் வரிசையில் நிற்கும்போது கேட்டுக்கொள்கிறேன். வாயை வைத்து, மூக்கெல்லாம் நனைய, சட்டையெல்லாம் நனையக் குடிக்கிறார்கள். மாற்றித்தான் எழுதியிருப்பேன் அக்கா. அவள் பெயர் என்று தெரிந்தே செய்திருப்பேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எங்களுக்கு அவள் பெயர் அவள் சமாதிக் கல்லில் இருந்தது. அது போதுமாயிருந்தது. நீ அதை ஒரு உயிருக்கு வைத்தாய். என் கையாலேயே நான் அதற்கும் முடிவு கட்டியிருக்கிறேன் என்று அச்சில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஊற்றுப் பக்கம் முழுக்கத் தேடிவிட்டேன். ஒன்றுகூட இல்லை. நான் பிடித்தவை எல்லாம் உன்னிடம்தான் இருக்கின்றன. எனக்கு ஒன்றே ஒன்று அனுப்பு. புட்டியோடு. ஆணோ பெண்ணோ எதுவாக இருந்தாலும் சரி. வேறு எதையும் உன்னிடம் கேட்க மாட்டேன்.

தங்கை


ஜனவரி 7

தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மறுப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. பதில் எழுதத் தாமதமானது, நான் வெளியூர் போயிருந்ததால்.

உன் கடிதம் வந்த வாரமே, பனி விழுந்து கணவாயைப் பூட்டுவதற்கு முன், மறுபக்க ஓடைக்கு நானே போனேன். அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொண்டு, ஊசி போட்ட முட்டியோடு. அது மேய்ச்சல் நிலத்திலிருந்து வருகிற கலங்கல் தண்ணீர். கல்பூச்சி எதுவுமே அதில் இருக்காது. திரும்பும்போது கணவாயைத் தாண்டி உங்கள் ஊற்றுக்கும் இறங்கினேன். காய்ந்த கற்கள், அடியில் மண்தான். மேலிருந்து உன் வீட்டுக் கூரை தெரிந்தது. துணி காயப்போட்டிருந்தாய். அந்த வழியாகவே திரும்பிவிட்டேன்.

திருத்தம் எழுதி அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஓடை என்று குறிப்பிட்டது பிழை, பிழை ஆசிரியருடையது, இந்த இனம் அறியப்பட்ட ஒரே இடம் இப்போது அழிந்துவிட்டது. அவ்வளவுதான். உன் பெயர் அதில் இல்லை. மாப்பிள்ளைக்கு இதில் எதுவும் தெரியாது என்று சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். குழாயை இனி யாரும் மூட மாட்டார்கள். அது வேறு விஷயம். இங்கே எனக்கு வழியனுப்பு விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்களும் வற்புறுத்தவில்லை.

நீ கேட்டதை அனுப்ப முடியாது. ஒரு இனத்தை எந்த மாதிரிகளை வைத்து விவரிக்கிறோமோ, அவை அருங்காட்சியகத்தின் உடைமை. ஒன்றைக்கூட வெளியே தரக்கூடாது என்பது விதி. இவற்றைப் போல இனி கிடைக்கப் போவதும் இல்லை என்பதால் கூடுதல் கண்டிப்பு. ஒன்றை எடுத்து உறையில் போட்டு அனுப்பினால் யாருக்கும் தெரியாது. தெரியாதுதான். ஆனால் இன்னொரு முறை என்னால் முடியாது.

பார்க்கலாம். வேலை நாட்களில், முன் அனுமதி பெற்று யாரும் பார்க்கலாம். விண்ணப்பத்தை என் பெயருக்கு அனுப்பாதே. இம்மாதக் கடைசியோடு நான் இங்கே இல்லை. புதிதாக வருகிற அலுவலருக்கு உன்னைப் பற்றி எதுவும் தெரியாது. நானும் சொல்லப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 3

பெறுநர்:
அலுவலர், பூச்சிகள் பிரிவு,
அருங்காட்சியகம்.

பொருள்: கல்பூச்சி மாதிரியைப் பார்வையிட அனுமதி கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தாங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருப்பதாக அறிகிறேன். தங்கள் பிரிவில் உள்ள ஒரு கல்பூச்சி மாதிரியைப் பார்வையிட அனுமதி வேண்டுகிறேன். சென்ற ஆண்டு விவரிக்கப்பட்ட மலை இனம். ஆணோ பெண்ணோ எதுவாயினும் போதும்.

நான் ஆராய்ச்சியாளர் அல்ல, பள்ளி ஆசிரியை. எந்த ஆராய்ச்சி நிறுவனத்தையும் சேர்ந்தவள் அல்ல. சான்றுக் கடிதம் கொடுக்க எனக்கு யாரும் இல்லை. புட்டியைத் திறக்க மாட்டேன். படம் எடுக்க மாட்டேன். தாங்கள் உடன் நிற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மாதிரியோடு விண்ணப்பதாரருக்கு உள்ள தொடர்பைக் குறிப்பிட வேண்டும் என்று தங்கள் விதிகளில் இருக்கிறது. அந்தப் பூச்சியின் பெயர் என் மகளுடையது.

பார்வையிட எவ்வளவு நேரம் தேவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எவ்வளவு நேரம் கேட்பார்கள்?